பெட்டியடிச் சரக்கு

"ஹலோ... ஹலோ... ம், கேக்குது மாப்ள, சொல்லுங்க... ஆமா ஆமா, உங்க வேலையிலதான் உக்காந்திருக்கேன்... இன்னிக்கே போயிடும்ப்பா. இங்கிலாந்துக்காரன் இப்பதான் எந்திரிச்சுப் பல்லு விளக்கிட்டு இருப்பான், அதுக்குள்ள நீங்க ஏன் பறக்குறீங்க?... சரி, சரி... குழந்தை எப்படி இருக்கான்?... பாக்கலையா? வீட்டுக்கே போகலையா? நல்ல அப்பா!... ஓ, உங்கம்மா உள்ள விடலையா. கிடங்குத் தூசியையும் குளிர்காத்தையும் தூக்கிட்டு வருவீங்கன்னா? அது சரிதான். பெத்தவ மாசம் முடியிற வரைக்கும் அவங்க ராஜ்ஜியம்..."

மின்லான் சிரித்துக்கொண்டே ஆரஞ்சுத் தோலைக் கணப்பின் மேல் போட்டாள். வெளியே ஹாங்சோ நகரத்து மழை, மத்தியானத்திலிருந்து விடாத மழை. மாப்பிள்ளை என்றால் அவள் தங்கை சூயுனைக் கட்டிய தெங்குவோ. யீவூ ஊரில் கிடங்கு எடுத்து, கரண்டில் சூடேறும் ஒத்தடப் பைகளை ஆன்லைனில் விற்கிறவன். உள்ளே தண்ணீர், வெளியே வெல்வெட்டுத் துணி, பிளக்கில் கொஞ்ச நேரம் சொருகினால் சூடாகி, தானாக நிற்கும். பிடுங்கி வயிற்றிலோ காலிலோ வைத்துக்கொள்ளலாம். குளிர்காலத்தில் அந்தப் பக்கத்தில் இது இல்லாத கட்டில் கிடையாது.

மின்லானுக்குப் பிழைப்பு, வியாபாரிகளின் வாய்ச்சவடாலை ஆங்கிலமாக்குவது. வக்கீலுக்குப் போகிற தாளென்றால் மட்டும் கடைசியில் மொழிபெயர்ப்பு சரியென்று தன் பெயரெழுதி, சிவப்பு முத்திரை குத்த வேண்டும். இன்று அந்த மாதிரி வேலை. இங்கிலாந்தில் ஒரு பெண்ணின் மடியில் ஒத்தடப் பை வெடித்து, தொடை வெந்துவிட்டது. போதாக்குறைக்கு, தெங்குவோவிடம் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த ஆள் ஒருவன் சண்டை போட்டுக்கொண்டு போகும்போது, முதலாளி தனக்கு அனுப்பிய செய்திகளையெல்லாம் படமெடுத்து அந்தப் பெண்ணின் வக்கீலுக்கு அனுப்பிவிட்டான். அந்தச் செய்திகளை முத்திரையோடு ஆங்கிலத்தில் தரச் சொல்லி அந்த வக்கீல் தெங்குவோவிடம் கேட்டிருந்தார். ஊரில் இத்தனை மொழிபெயர்ப்பாளர்கள் இருக்க, அது ஏன் தன் மேசைக்கு வந்தது என்று அவள் யோசிக்கவில்லை. சொந்தக்காரன் வேலை, செய்து கொடுப்போம் என்று எடுத்துக்கொண்டாள்.

"மத்ததெல்லாம் முடிஞ்சிருச்சு மாப்ள. ஒரே ஒரு வரிதான் இடிக்குது... படிக்கிறேன் இருங்க. 'காலிப் பொட்டலம் வழக்கம்போல. பெட்டியடி முதல்ல போகட்டும்.' நீங்க அவனுக்கு எழுதினது. இதுல பெட்டியடின்னு எதச் சொன்னீங்க?... ம்... ம்... அதான் கேக்குறேன், ரெண்டு விதமாவும் எழுதலாமே."

கல்யாணப் பெண்ணுக்குத் தாய் பெட்டியின் அடியில் வைத்து அனுப்புகிற பொன்னும் பட்டும் அந்த மக்கள் பேச்சில் பெட்டியடிதான். கடையில் எவனும் சீந்தாமல் அடியில் கிடக்கிற கழிசல் சரக்கும் பெட்டியடிதான். ஒரே சொல். சொல்கிறவன் முகத்தைப் பார்த்தால்தான் எது என்று தெரியும். மின்லானுக்கு இப்போது முகம் இல்லை, குரல்தான் இருந்தது. அந்தக் குரல் கொஞ்சம் அவசரப்பட்டது.

"சரி, சரி, கேக்குது. 'பொத்திப் பொத்தி வெச்சிருந்த உசந்த சரக்க முதல்ல அனுப்பு.' அப்படித்தானே?... எழுதலாம். நல்லாத்தான் இருக்கும். ஜட்ஜு படிச்சா, அடடா எவ்வளவு நல்ல கடைக்காரன்னு நெனப்பாரு... இல்ல, கிண்டல் பண்ணல... ஆனா அதுக்கு முன்னாடி காலிப் பொட்டலம்னு நிக்குதே மாப்ள. காலிப் பொட்டலத்துல எதுக்கு உசந்த சரக்கு?... ஹலோ?... ம், சொல்லுங்க."

காலிப் பொட்டலம் அவளுக்குத் தெரியாததல்ல. விற்காத கடையில் யாரும் வாங்கமாட்டார்கள். அதனால் பெரிய தள்ளுபடி நாட்களுக்கு முன்னால் சொந்தபந்தம், கூடப் படித்தவர்கள், எல்லோரையும் கூப்பிட்டு ஆர்டர் போடச் சொல்வார்கள். கட்டிய பணம் திரும்பி வரும். பேருக்கு ஒரு பொட்டலம், உள்ளே கைக்குட்டையோ உப்புப் பாக்கெட்டோ வரும். வந்ததும் ஐந்து நட்சத்திரம் போட்டு, ஆகா ஓகோ என்று நாலு வரி எழுத வேண்டும். கல்யாணத்துக்குக் கூட்டம் காட்டுகிற மாதிரி இதுவும் ஒரு உபகாரம், அவ்வளவுதான். வெளிநாட்டுக்கென்றால் எங்கிருந்தோ விலாசம் வாங்கி, ஊர் பேர் தெரியாதவர்களுக்கும் அனுப்பிவிடுவார்கள். மின்லானும் தெங்குவோவுக்காக வருஷாவருஷம் ஆர்டர் போடுகிறவள்தான்.

"இருங்க, இருங்க. வக்கீல் கடுதாசியில என்ன எழுதியிருக்கான்னா, அந்தப் பொம்பள எதையுமே ஆர்டர் பண்ணலையாம். தானா ஒரு பொட்டலம் வந்துச்சாம். சரி, யாரோ அன்பா அனுப்பியிருக்காங்கன்னு எடுத்துச் சொருகியிருக்கா... ஆமா. அப்ப அது காலிப் பொட்டலம்தானே?... மழுப்பாதீங்க மாப்ள, நானும் இந்த ஊருலதான் இருக்கேன்... சரி. காலிப் பொட்டலத்துல எப்பவும் உப்புதானே வெப்பீங்க? எனக்குப் போன வருஷம் உப்புதான் வந்துச்சு. இந்தத் தடவ பை எப்படி வந்துச்சு?... எடையா?... கூரியர்ல எடை பாக்குறானா?... ஓ... அப்ப சரக்கு என்ன எடையோ அதே எடை வரணும்... இல்லேன்னா கள்ள ஆர்டர்னு கடைய மூடிடுவான்... ம்... புரியுது. அதுக்காகப் பையையே வெச்சீங்களா?"

கிடங்கில் ஒட்டுநாடா இழுக்கிற சத்தம் மட்டும் கிறீச் கிறீச்சென்று கேட்டது.

"மாப்ள, ஒரு நல்ல பைய சும்மா எவனுக்காவது குடுக்குற ஆளா நீங்க? சூயுன் கல்யாணத்துக்கு வந்த பலகாரப் பெட்டியையே திருப்பி வித்தவரு... சிரிக்காதீங்க. எந்தப் பை வெச்சீங்க?... என்னது?... சத்தமா சொல்லுங்க, நான் வேத்தாளா?... திரும்பி வந்ததா?"

ஆரஞ்சுத் தோல் கணப்பில் கருகத் தொடங்கியிருந்தது. மின்லான் அதை எடுக்கவில்லை.

"எதுக்குத் திரும்பி வந்துச்சு?... காரணம் சொல்லாமலே திருப்பி அனுப்பலாம், அது எனக்குத் தெரியும். ஆனா காரணம் இருந்திருக்கும்ல?... நிறம் பிடிக்கலையா. எல்லாருக்குமா நிறம் பிடிக்கல?... தெங்குவோ... நான் உன்னைத்தான் கேக்குறேன். எதுக்குத் திரும்பி வந்துச்சு?"

"நீங்க" எப்போது "நீ" ஆனது என்று அவளுக்கே தெரியவில்லை.

"ம்... உப்பிப்போச்சா... சூடு ஏறினா தானா நிக்கணும், அது நிக்கலையா?... எல்லாமே இல்ல, சிலது. சரி. எது நிக்கும், எது நிக்காதுன்னு பிரிச்சுப் பாத்தியா?... நேரம் இல்லையா... பாக்க ஆள் இல்லையா... அதனால அம்புட்டையும் காலிப் பொட்டலத்துல போட்டு ஊரு உலகத்துக்கெல்லாம் அனுப்பிட்ட. எடையும் சரியாப் போச்சு, கிடங்கும் காலியாச்சு. இதுக்கு நான் பொத்தி வெச்ச உசந்த சரக்குன்னு எழுதி முத்திரை குத்தணும்!... என்ன 'வாங்கினவங்க யாரும் சொருகமாட்டாங்கன்னு நெனச்சேன்'? பை அனுப்பினா சொருகாம பூஜையா பண்ணுவாங்க?... இரு. இரு, குறுக்க பேசாத. இது வெளிநாட்டுக்கு மட்டும்தானே?... உள்ளூருக்கும் இதேதானா?... எல்லாத்துக்குமா?"

அவளும் இந்த வருஷம் ஆர்டர் போட்டிருந்தாள். தெங்குவோ கெஞ்சிக் கேட்டு, போன வாரம் சாப்பாட்டு நேரத்தில், ஒரு கையில் நூடுல்ஸ் கிண்ணத்தோடு போட்டது. அந்தப் பொட்டலம் இன்னும் வரவில்லையே என்று இப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

"தெங்குவோ, ஒரு நிமிஷம் இரு... இல்ல, வக்கீலும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம், இரு. என் ஆர்டரப் பாக்குறேன். கம்ப்யூட்டர்லயே திறக்குறேன்... முயல் மூஞ்சி போட்டது, ரோஸ் கலரு... ஆமா, அதான். 'வந்து சேர்ந்தது'ன்னு காட்டுது. எனக்கு வரலையே. எங்க வந்து சேர்ந்துச்சு?..."

திரையில் விலாசம் தெரிந்தது. அவள் அதைப் படித்தாள். படித்ததையே மறுபடி படித்தாள்.

சூயுனுக்குப் பிள்ளை பிறந்ததும், மின்லான் ஒரு பெட்டி நல்ல செம்பேரீச்சை வாங்கி அனுப்பியிருந்தாள். ரத்தம் ஊறட்டும் என்று. பெற்றவள் பெயரை வெளியே எழுதினால் கண் படும் என்று, பெறுகிறவர் பெயராகத் தங்கையின் சின்ன வயசுச் செல்லப் பெயரை எழுதினாள். அதற்கு மறுநாள்தான் இந்தக் காலி ஆர்டர். கடைசியாக அனுப்பிய விலாசத்தையே அந்தச் செயலி பிடித்து வைத்துக்கொள்ளும். மாற்ற வேண்டும், அவள் மாற்றவில்லை. நூடுல்ஸ் ஆறிவிடும் என்று அமுக்கிவிட்டாள்.

"தெங்குவோ... உருண்டைன்னு ஒரு பேருக்குப் பொட்டலம் போட்டீங்களா?... நீ பாக்கமாட்ட. மெஷின் அச்சடிக்கும், பசங்க ஒட்டுவாங்க. தெரியும்... உருண்டை யாருன்னு உனக்குத் தெரியாதா? உன் பொண்டாட்டி. சின்னப்பிள்ளையில அவள நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம்... ஆமா. உன் வீடு. உன் வீட்டுக்குத்தான் போயிருக்கு... நான் வேணும்னு போடலடா, விலாசம் மாத்த மறந்துட்டேன்... எனக்குத் தெரியும், கடைக்காரன் வீட்டு விலாசம் போட்டா கள்ள ஆர்டர்னு பிடிச்சுடுவான்னு தெரியும்! இப்ப அதையா பேசறது?... பிரிச்சிருக்கமாட்டாங்களா? இரு. காலையில சூயுன் எனக்குக் குரல்பதிவு அனுப்பியிருந்தா. கேக்குறேன், சத்தம் போடாத."

காலையில் அதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு மூடியிருந்தாள். மாமியார் சூயுனின் செல்போனைப் பிடுங்கி வைத்திருந்தார். பெற்ற மாசத்தில் திரையைப் பார்த்தால் கண் போய்விடுமாம். எப்போதாவது திருட்டுத்தனமாக எடுத்து, போர்வைக்குள் புகுந்து கிசுகிசுப்பாள் சூயுன். "அக்கா, பொட்டலம் வந்துச்சு" என்ற வரை கேட்டு, பேரீச்சை போய்ச் சேர்ந்தது என்று மின்லான் நிம்மதியாகிவிட்டாள். இப்போது கடைசி வரை கேட்டாள். கேட்டு முடித்ததும் அவள் குரல் தாழ்ந்துபோனது.

"தெங்குவோ, பதறாம கேளு... வந்தது நான் அனுப்பின பேரீச்சை இல்ல. முயல் நல்லா இருக்குன்னு சொல்றா. அத்தை நாள் முழுக்கச் சொருகிச் சொருகிக் குடுக்குறாங்களாம். குழந்தை காலுக்கு அடியில வெச்சா அழாமத் தூங்குறானாம்... அழாத. அழறதுக்கு நேரம் இல்ல. உன்கிட்ட ரெண்டு போன் இருக்குல்ல? கிடங்குப் போன்ல உங்கம்மாவக் கூப்பிடு. இந்த லைன கட் பண்ணாத... நானும் இங்க கம்ப்யூட்டர்ல இருந்து சூயுனக் கூப்பிடுறேன்... எடுக்கல. சத்தத்த அணைச்சு வெச்சிருக்கு... உங்கம்மா?... அடிக்குதா?... எடுக்கமாட்டாங்க. சமையக்கட்டுல புகைக்காத்தாடி ஓடினா அவங்களுக்கு இடி விழுந்தாலும் கேக்காது. இந்த நேரம் பன்னிக்கால் சூப்புதான் கொதிக்கும்... மறுபடி அடி. அடிச்சுக்கிட்டே இரு."

கணினியில் அழைப்பு மணி போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறை அது தானாக அடங்கும்போதும் மின்லான் மறுபடி அமுக்கினாள். இங்கிலாந்து வக்கீல் அனுப்பிய படம் அதே திரையில் பின்னால் திறந்தபடி கிடந்தது. வெந்த தொடை. அதை அவள் காலையில் பார்த்தபோது, ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போனாள்.

"கேட்டுல காவல்காரர் இருப்பாருல்ல? அவருக்குப் போடு. மேல ஓடச் சொல்லு... ம்... ம்... போயிட்டாரா?... என்ன சொல்றாரு?... கதவு திறக்கலையா?... உங்கம்மா உள்ள இருந்தே 'மாசம் முடியல, வெளி ஆம்பளைக்குக் கதவு திறக்கமாட்டேன்'னு கத்துறாங்களா? அய்யோ!... பிளக்கப் பிடுங்குன்னு கதவுக்கு வெளிய இருந்தே கத்தச் சொல்லு!... கேக்கலையா... விக்கிறவன்னு நெனச்சுட்டாங்களா... சரி, விடு. நீ கிளம்பு. நீதான் போகணும். சாவி இருக்குல்ல?... எதுல போற?... கார் வேணாம், சந்தைப் பக்கம் சிக்கிக்கும், ஸ்கூட்டர எடு. போன சட்டைப் பைல போட்டுக்க, கட் பண்ணாத. போ. ஓடு."

அதன்பிறகு காற்று மட்டும் கேட்டது. காற்று, மழை, ஹாரன். நடுநடுவே தெங்குவோவின் மூச்சு.

"பாத்துப் போ... சிவப்பு விளக்குல நிக்காத, பரவாயில்ல... நீயும் விழுந்து வெக்காத... அவ தூங்கிட்டு இருப்பா. அத்தை புத்திசாலிதான், சூடு அதிகமானா தொட்டுப் பாப்பாங்க... தொட்டுப் பாத்துட்டுத்தான் வெப்பாங்க... கேக்குதா? ஹலோ?... கேக்காது. ஓட்டு."

தனக்குத் தானே பேசுகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. நிறுத்தினால் அந்தக் கட்டிலும் மூடிய ஜன்னலும் கண்ணுக்குள் வந்து நின்றன. சூயுனுக்குத் தலையில் குல்லாய், காலில் கம்பளிக் காலுறை, எழுந்திருக்கக்கூடாது என்று உத்தரவு. வெடித்தால் எழுந்து ஓடக்கூடத் தெரியாமல் கிடப்பாள். மின்லான் வாயை மூடவில்லை.

"வந்துட்டியா?... லிஃப்டு வேணாம், படி, படியில போ... ம்... கதவு... அது உங்கம்மாவா கத்துறாங்க? கத்தட்டும். செருப்போடயே போ... தெங்குவோ? சொல்லு. என்னடா சத்தம் அது?... தெங்குவோ!... சொல்லு, வாயத் திறந்து சொல்லு!... சொருகியிருக்கா?... பிடுங்கு! கையில தூக்காத, ஒயரப் பிடிச்சு இழு, சுவத்துல இருந்து பிடுங்கு... பிடுங்கிட்டியா?... உப்பியிருக்கா? எவ்வளவு?... அதத் தொடாத. சூயுனத் தூக்கு. குழந்தையத் தூக்கிக்கிட்டு வெளிய வா. போ. அந்த ரூம் கதவச் சாத்து..."

குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. வீறிட்டு, முழு மூச்சோடு. இத்தனை வயசில் மின்லான் இவ்வளவு நல்ல சத்தத்தைக் கேட்டதில்லை. அவள் மேசையில் தலையைச் சாய்த்தாள்.

"அழறானா... அழட்டும், அழட்டும். நல்லா அழு ராஜா... கால் பாத்தியா? சிவந்திருக்கா?... ஒண்ணுமில்லையே?... சூயுன்?... பயந்துட்டாளா. அவகிட்ட அப்புறம் பேசறேன், அவ குரலக் கேட்டா நான் அழுதுடுவேன்... அத்தை திட்டுறாங்களா? திட்டட்டும், வாங்கிக்க... சட்டுனு சத்தம் என்ன? ஹலோ?... வெடிச்சிருச்சா?... உள்ளேயா? கட்டில் மேலயா?... பிடுங்கினப்புறமுமா..."

மின்லான் கருகிய ஆரஞ்சுத் தோலைக் கணப்பிலிருந்து எடுத்துப் போட்டாள்.

"சரி. யாருக்கும் ஒண்ணும் ஆகல. உக்காரு. தண்ணி குடி... ம்... ம்... ஆமாப்பா, கடவுள் இருக்காரு... தெங்குவோ, இப்ப கேளு. உன் வீட்டுக்கு ஒண்ணு வந்துச்சு. இந்த மாதிரி இன்னும் எத்தனை வீட்டுல இப்ப சொருகிக் கிடக்குதோ. எல்லா விலாசமும் உன் மெஷின்ல இருக்கும்ல? நான் பாதி பேருக்குப் போன் பண்றேன், நீ பாதி பேருக்குப் பண்ணு. தொடாதீங்க, தூக்கிப் போடுங்கன்னு சொல்லணும்... என்ன?... சொன்னா கடை போயிடுமா?... போகட்டுமே... ம்... ம்..."

அவள் முகம் மெல்ல நிமிர்ந்தது.

"என்ன சொன்ன? இன்னொரு தடவ சொல்லு... அந்த வரியா?... இன்னிக்கே அனுப்பணுமா. உசந்த சரக்குன்னே எழுதணுமா... தெங்குவோ, உன் குழந்தை உன் மடியிலதானே இருக்கான்? அவன் அழுகை எனக்குக் கேக்குது. அவனக் கையில வெச்சுக்கிட்டா இதக் கேக்குற?... ம்... எதிர்காலமா. அவனோட எதிர்காலத்துக்காகவா... சரி... என்னது?... ஓ. அந்த ஆர்டர் என் பேர்லதான் இருக்கா. நான் போட்ட அஞ்சு நட்சத்திரம், ஆகா ஓகோன்னு எழுதினது எல்லாம் வருஷாவருஷம் இருக்கா... விசாரணைன்னு வந்தா நானும்தான் கூட்டா. என் முத்திரையும் போயிடும்... இல்ல, இல்ல, மிரட்டலன்னு தெரியுது. சொந்தக்காரங்க, ஞாபகப்படுத்துறீங்க மாப்ள. நல்லது."

"மாப்ள" திரும்பி வந்துவிட்டது. ஆனால் போனை எடுத்தபோது இருந்த மாப்ள அது இல்லை. மின்லான் விசைப்பலகையை இழுத்து, நிதானமாக அடித்தாள்.

"எழுதிட்டேன்... ஆமா, இப்பவே. படிக்கவா?... இங்கிலீஷ்ல இருக்கு, உங்களுக்காக நம்ம பேச்சுல சொல்றேன். 'காலிப் பொட்டலம் வழக்கம்போல. திரும்பி வந்து அடியில கிடக்கிறத முதல்ல தள்ளிவிடு.'... கத்தாதீங்க, இன்னும் முடியல. கீழ மொழிபெயர்ப்பாளர் குறிப்புன்னு ஒண்ணு போடலாம், அதுக்கு இடம் விட்டிருக்காங்க. 'இந்தச் சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் உண்டு. இங்க எந்த அர்த்தம்னு எனக்குத் தெரியும். இதே மாதிரிப் பொட்டலம் ஒண்ண என் பேர்ல நானே ஆர்டர் பண்ணினேன். அது இன்னிக்குச் சாயந்தரம் என் தங்கச்சி கட்டில்ல, பச்சப்பிள்ள காலடியில...' ஹலோ?... மாப்ள?... முத்திரை குத்தப் போறேன், கேக்குதா?... ஹலோ... ஹலோ..."